யானைக் கார்டு

என் பீரோவில், வேலை நிரந்தரமான கடிதத்துக்கு அடியில், ஒரு கார்டு கிடக்கிறது. கேடயம் ஏந்திய யானைப் படம். ஒரு மூலை மடங்கியிருக்கும். விளையாட்டில் ஜெயித்தது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏமாற்றிப் பிடுங்கியது என்பதுதான் உண்மை.

இரண்டாயிரத்துகளின் நடுவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் நான் டிப்ளமோ முடித்த டிரெய்னி. அதே மெஷினின் ஆபரேட்டரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பொன்னேரியிலிருந்து வருவார், பத்து வருஷமாகக் காண்ட்ராக்ட். சிங்கப்பூரிலிருந்த அவர் மச்சான் ஒரு பெட்டி நிறைய சண்டைக் கார்டுகள் கொடுத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஓரம் தள்ளிவிட்டு நாலைந்து பேர் ஆடுவோம். விதிப் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். படித்துச் சொல்லும் பவிசு எனக்கு. நான் சொன்னதுதான் அங்கே சட்டம்.

நான் ஒரு கார்டால் தாக்கினால், எதிராளி தன் கார்டு ஒன்றைக் குறுக்கே வைத்துத் தடுக்கலாம். தடுக்காவிட்டால் அடி அவர்மேல் விழும். தோற்றவர், ஜெயித்தவர் கேட்கும் கார்டைக் கொடுத்துவிட வேண்டும். அன்று கடைசி அடிக்குப் போன என் புலியை அண்ணன் யானையால் தடுத்தார். அடி விழும் முன்பே நெருப்புக் கார்டைப் போட்டு யானையை வெளியேற்றினேன். இப்போது புலியின் அடி அவர்மேல் விழுமா? விழாது. தடுத்தவன் ஒழிந்தாலும் தடுத்தது தடுத்ததுதான் என்று புத்தகத்தில் தெளிவாக இருந்தது. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே, "விழும்ணா" என்றேன். ஆசை, வேறென்ன! அந்த யானைமேல் எனக்கு அப்படியொரு கண்.

"புக்குல அப்டித்தான் போட்டுகீதா? சரிப்பா, நீ படிச்சவன்" என்று யானையை எடுத்து நீட்டினார்.

இரண்டு மாதம் போயிருக்கும். டார்கெட்டை எட்டுவதற்காக மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவைத்து ஓட்டினேன். அடுத்த ஷிப்டில் அங்கே நின்ற வேறொருவருக்கு விரல் நுனி போனது. யார் கழற்றியது என்று மானேஜர் கேட்டபோது நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த வாரம் வரவிருந்தது. அண்ணன் ஓரடி முன்னால் வந்து, "நான்தான் சார் கழட்டுனேன்" என்றார். அன்றைக்கே அவரை வெளியே அனுப்பினார்கள். அவர் போன பிறகும் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் மறைத்த விதி எனக்கே பலித்தது.

இரண்டு வருஷம் கழித்து அத்திப்பட்டு ஸ்டேஷனில், சட்டையெல்லாம் அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலோடு அவரைப் பார்த்தேன். பர்ஸிலிருந்த யானையை நீட்டினேன். விதியை மாற்றிப் படித்ததையும் சொன்னேன்.

"நாம ஆடுன வாரமே மச்சான் போன்ல சரியான ரூல சொல்ட்டாம்பா" என்றார்.

தெரிந்துமா எனக்காக முன்னால் வந்தார்! "அப்புறம் எதுக்குண்ணா...?"

"ஆபரேட்டர் நான், எப்டியும் என்னிய அனுப்பிருப்பாங்க. ரெண்டு பேரும் வெளிய போயி இன்னா பண்றது? நாலு நாள் கழிச்சாவது நீ போய் சொல்லுவன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

கார்டை என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார். "நீயே வச்சிக்க. உனுக்குத்தான் முன்னாடி நிக்க ஆள் வேணும்." ரயில் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

இன்று நான் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். பீரோவைத் திறந்தால் யானை கேடயத்தைப் பிடித்தபடி நிற்கிறது. அதைத் தூக்கிப் போடக்கூட எனக்குத் துப்பில்லை.