இடுக்குப் பாறை

ஒரு மனிதர் இளைத்துப்போனால் ஊரே கைகொடுத்துப் பாராட்டுகிறது. என் கணவருக்கு அந்தக் கோடையில் அதுதான் நடந்தது. கண்ணமங்கலத்தில் எங்களுடைய பெயிண்ட் கடைக்கு வருகிறவர்கள் டப்பாவின் விலையைக் கேட்பதற்கு முன்னால், "இன்னா சார், பத்து வயசு கொறைஞ்சிட்டீங்களே, அப்பிடி இன்னாதான் சாப்புடறீங்க?" என்று கேட்டார்கள். அவரும் கல்லாவில் உட்கார்ந்தபடியே சாமைச் சோற்றின் பெருமையை அளந்துவிடுவார். அரிசியை விட்டது, சர்க்கரையை விட்டது, இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிப்பது. கேட்டவர்கள் வாயைப் பிளந்துகொண்டு போவார்கள்.

அந்தச் சாமையைச் சமைப்பவள் நான். அதில் பாதி தட்டிலேயே மிஞ்சுவதைப் பார்ப்பவளும் நான். பெல்ட்டில் ஆணியை வைத்து அடித்துப் புதுப்புது ஓட்டையாகப் போட்டுக்கொண்டார். மோதிரம் கழன்று விழாமல் இருக்க அதில் நூல் சுற்றிக்கொண்டார். முதுகுக்குத் தலையணை இல்லாமல் அவரால் உட்கார முடியவில்லை. சாமை சாப்பிட்டால் முதுகு ஏன் வலிக்க வேண்டும்? அவருடைய அண்ணனும் முதலில் இப்படித்தான் ஒல்லியானார், எல்லோரிடமும் பாராட்டு வாங்கினார், அடுத்த பொங்கலுக்குள் போய்ச் சேர்ந்தார். அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வேலூரில் டாக்டரைப் பார்க்க இரண்டு முறை நேரம் வாங்கினேன். இரண்டு முறையும் கடையில் ஆள் இல்லை என்று தட்டிக்கழித்துவிட்டார்.

"நல்லா இருக்கறவன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா நோயாளியாத்தான் திருப்பி அனுப்புவாங்க. போய் வேலையப் பாரு" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, ஆரணியிலிருந்து வந்தாள். அண்ணனின் புது உடம்பைப் பார்த்துச் சொக்கிப்போனாள். தானும் சாமைக்கு மாறப் போவதாகவும், அதை மலைக்காரர்களிடமே நேரில் வாங்கவேண்டும் என்றும் அடம்பிடித்தாள். "அப்பிடியே இடுக்குப் பாறையையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார் இவர்.

இடுக்குப் பாறை என்பது நாங்களாக வைத்த பெயர். ஜவ்வாது மலை மேல், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஓர் ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் குடும்பத்தோடு போனபோது, இரண்டு பாறைகளுக்கு நடுவே இருக்கிற சந்தில் நுழைந்து பார்க்கிறேன் என்று போய், தொப்பையோடு நடுவில் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தோம். சட்டைப் பொத்தான் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வீடு வந்து சேரும்வரை சிரித்தோம். அவரும் சிரித்தார், ஆனால் அந்தப் பாறையை அவர் மறக்கவில்லை.

கிளம்பிய அன்று காலையிலேயே வெயில் முகத்தில் அறைந்தது. போளூரில் டீ குடிக்க நிறுத்தினோம். இவர் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு டீ உள்ள எறங்க மாட்டேங்குது. நாளைக்கே வேலூர் போலாங்க" என்றேன்.

அவர் டீக்குக் காசை எடுத்துக் கொடுத்தார். "சரி, ஒரு பந்தயம். நான் அந்த இடுக்குல மாட்டிக்கிட்டா நீ கூப்புடற எடத்துக்கு வர்றேன். நுழைஞ்சி அந்தப் பக்கம் போய்ட்டேன்னா இனிமே ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது. இன்னா சொல்ற?"

"சூப்பர்ணா! நான்தான் சாட்சி" என்றாள் நாத்தனார்.

கோபத்தில் நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். வண்டி மலையேற ஆரம்பித்த பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்பது உறைத்தது. மாட்டிக்கொண்டால் அவர் உடம்பில் சதை இருக்கிறது, நான் வீணாகப் பயந்திருக்கிறேன். நுழைந்துவிட்டால் என் பயம் நிஜம், ஆனால் என் வாய் கட்டப்பட்டுவிடும்.

மலைச் சரிவில் தீப்பிடித்து எரிந்திருந்தது. மரங்களின் அடிப்பாகம் கருகி, சாம்பல் வாடை கார் கண்ணாடியை ஏற்றிய பிறகும் உள்ளே வந்தது. வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அவருடைய மணிக்கட்டு எலும்பு தனியாகத் தெரிந்தது. இரண்டு இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நின்று முதுகை நிமிர்த்திக்கொண்டார். "காட்டு வழியில எறங்கி நிக்கறதே ஒரு சொகம்தான்" என்று தங்கையிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

ஜமுனாமரத்தூரில் சாமை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு மேலே போனோம். தார் ரோடு மண் ரோடாகி, அறுப்பு முடிந்த கொல்லைகளுக்கு நடுவே போய் நின்றது. அங்கிருந்து நடை. போன தடவை மழை பெய்து ஓய்ந்த மாதம், எங்கும் பச்சையாக இருந்தது. இந்தத் தடவை புல் பூண்டு கூட இல்லை. பாலைவனத்தில் இறக்கிவிட்டார்கள் என்று சொன்னால் நம்பியிருப்பேன். வீட்டளவு பாறை ஒன்று, தலையணை அளவுக் கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது. இன்னோர் இடத்தில் அடுக்கிவைத்த இட்லி மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகத் தட்டைக் கற்கள். காற்று அரித்து ஓட்டை விழுந்த பாறைகள். எல்லாம் எப்போது வேண்டுமானாலும் சரிந்துவிடும் போலிருந்தன. ஒரு காக்கையின் சத்தம் கூட இல்லை. திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை சொன்னேன். நாத்தனார் வீடியோ எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

இடுக்கின் வாயில் வந்து நின்றோம். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றும் வவ்வால் நாற்றமும் வந்தன. இவர் செருப்பைக் கழற்றி வைத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், பக்கவாட்டில் திரும்பி உள்ளே போனார்.

சாமி, இந்த மனுஷன் மாட்டிக்கொள்ள வேண்டும், என்று வேண்டிக்கொண்டேன். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறேன் என்றேன். புருஷன் பாறையில் சிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போன தடவை உள்ளே போனதுமே சட்டை கல்லில் உரசுகிற சத்தமும் அவருடைய முனகலும் கேட்டன. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

"போய்ட்டாரு அண்ணி! அண்ணன் போய்ட்டாரு!" என்று நாத்தனார் குதித்தாள். அவள் சொன்ன வார்த்தை என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து ஜெயித்தவர் கத்த வேண்டும், இல்லையா? கூப்பிட்டேன். பதில் இல்லை. என் உடம்புக்கு அந்த இடுக்கில் ஒரு கைதான் போகும். பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஊன்றிய இடமெல்லாம் கல் சுட்டது, முள் புடவையைப் பிடித்து இழுத்தது.

அவர் அந்தப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்திருந்தார். உயிரோடு இருக்கிறார் என்றதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"அதான் ஜெயிச்சிட்டீங்களே, வாயத் தொறந்தா இன்னா?" என்றேன்.

"கல்லு எங்கியுமே தொடல" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வயித்த எக்கிக்கினுதான் உள்ள போனேன். நடுவுல நின்னு, எக்கறத விட்டுட்டுப் பார்த்தேன். அப்பவும் தொடல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வேலூர் போய்டலாம்."

இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் கெஞ்சினேன், கத்தினேன், பட்டினி கிடந்தேன். ஆனால் அவர் மறுத்துக்கொண்டிருந்தவரை எல்லாம் என் கற்பனையாக இருக்கலாம் என்று ஓர் இடம் இருந்தது. அது போய்விட்டது. பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பந்தயத்துல நீங்கதான ஜெயிச்சீங்க? அப்புறம் எதுக்கு வேலூரு? வேணாம்" என்று உளறினேன்.

"மாட்டிக்குவேன்னு நம்பித்தான் உங்க ரெண்டு பேரையும் இட்டுக்கினு வந்தேன்" என்றார்.

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. இடுக்கின் வழியாக நாத்தனாரின் குரல் வந்தது.

"அண்ணா! வீடியோ சரியா வுழல! இருட்டா இருக்குது! இன்னொரு வாட்டி வாண்ணா, நான் லைட் போட்டு எடுக்கறேன்!"

"வேணாங்க" என்றேன்.

"அவளுக்கு இன்னா தெரியும், பாவம்" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், சட்டையை உள்ளே விட்டு பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். "தோ வர்றேன்மா" என்று தங்கைக்குக் குரல் கொடுத்துவிட்டு, மறுபடியும் அந்த இடுக்குக்குள் நுழைந்தார். அந்தப் பக்கம் அவள் கைதட்டினாள்.