உப்பளத்துக்கு எதிரே ஒரு கேமரா

கன்னியப்பனுக்குக் கால் ஓர் இடத்தில் நிற்காது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் வலது கால் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். மரக்காணம் கார் ஸ்டாண்டில் அவனுக்குக் காத்திருக்கும் வேலையை யாரும் கொடுப்பதில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் பந்தி முடியும்வரை நிற்கச் சொன்னால், அதற்குள் வானூர் வரைக்கும் ஒரு நடை போய்த் திரும்பிவிடுவான். சென்னை ஏர்போர்ட்டுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒன்றே முக்காலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மிச்சம் பிடித்த அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி ஒரு வாரம் பேசுவான்.

அந்தக் கால் மணி நேரம்தான் இப்போது அவனுக்கு வினையாகிவிட்டது. ஒன்றரை மாதத்தில் இரண்டு முறை அவன் போனுக்குப் படம் வந்தது. ஈசிஆர் ரோட்டில் அவனுடைய வெள்ளைக் கார், நம்பர் பிளேட், ஓரத்தில் 104 என்று வேகம். மூன்றாவது படம் வந்தால் லைசென்ஸையே முடக்கிவிடுவார்கள் என்று ஸ்டாண்டில் அருண்ராஜ் சொன்னான். சொன்னவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். கன்னியப்பனுக்குத் தூக்கம் போயிற்று. இருபது வருஷமாகத் தெரிந்த ஒரே தொழில் அது.

கேமரா வருவதற்கு முன்பே சத்தம் கொடுக்கிற ஜிபிஎஸ் மெஷின் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவது என்று முடிவு செய்தான். எதை வாங்குவது என்று ஒரு வாரமாகப் போனில் வீடியோ பார்த்தான். ஒவ்வொன்றையும் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குத் தாவினான்.

அவன் மனைவி திரௌபதிக்கு உப்பளத்தில் வேலை. விடியுமுன் போனால் மதியம் வருவாள். வந்ததும் வாசலில் நின்று குதிகாலில் ஒட்டிய உப்பைத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மெஷின் இன்னாதான் பண்ணும்?"

"கேமரா வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடும். ஸ்லோ பண்ணிக்கலாம்."

"தாண்டுனப்புறம்?"

"அப்புறம் இன்னா, நம்ம ரோடு."

"எங்க உப்பளத்துக்கு எதிர கேமரா இருக்குதா?"

"அங்க கெடையாது. நேர் ரோடு வேற. அங்கதான் நல்லா மிதிக்கலாம்."

திரௌபதி அடுத்த காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். "போன சனிக்கெழம காலையில எங்களத் தாண்டிக்கினு போனியே, பாத்தியா?"

"எப்போ?"

"காலிக் கூடையோட நடு ரோட்ல நிக்கறேன். ஒன் வண்டின்னு தெரிஞ்சி கையக்கூட ஆட்டுனேன். நீ போன வேகத்துல தலையில இருந்த சும்மாடு எகிறிப்போயி உழுந்துது."

பாத்திகள் ரோட்டுக்குக் கிழக்கே. உப்பைக் குவித்து லாரி ஏற்றுகிற இடம் மேற்கே. கூடைகளோடு பெண்கள் நடுவில் ரோட்டைக் கடந்தாக வேண்டும். போன மாதம் அதே இடத்தில்தான் திரௌபதியோடு வேலை செய்யும் ரேணுகாவை ஒரு கார் தட்டிவிட்டு நின்றது. கால் முறிந்து இன்னும் படுத்திருக்கிறாள்.

"ரேணுகாவ அடிச்சவனும் பாக்கலன்னுதான் சொன்னான்" என்றாள் திரௌபதி. கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவனும் நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பான். அவள் மீதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே புதுச்சேரியில் ஃபைசல் வைத்திருக்கும் கார் சாமான் கடைக்குப் போனான். ஃபைசல் மூன்று பெட்டிகளைப் பிரித்து வரிசையாக வைத்தான்.

"இதுல இந்தியா பூரா கேமரா லிஸ்ட் ஏத்தி இருக்குதுண்ணா. நெட்டே வேணாம்."

"புதுசா ஒண்ணு வெச்சான்னா?"

"அப்டேட் வரும்."

"எப்போ வரும்?"

"வரும்ணா, இன்னா அவசரம்?"

இரண்டாவது பெரிய திரை. சினிமாகூடப் பார்க்கலாம் என்றான். "ரோட்டப் பாக்கறதுக்கே கண்ணு பத்தல பாய்" என்று கன்னியப்பன் அதைத் தள்ளி வைத்தான். சொன்ன பிறகு தன் வார்த்தையே தன்னைக் குத்தியது போல இருந்தது.

மூன்றாவது சின்னது. தமிழில் பேசும். உள்ளே சிம் போட வேண்டும். "இதுக்கு லிஸ்ட்டே டிரைவருங்கதான்" என்றான் ஃபைசல். "கேமராவப் பாத்தா இந்த பட்டன அமுக்குவாங்க. பின்னாடி வர்றவங்களுக்குப் போயி சேந்துடும். போன்ல இதே ஆப் வெச்சிருக்கறவங்களுக்கும் சேத்து."

"யார் வேணா அமுக்கலாமா?"

"யார் வேணா அமுக்கலாம்."

"பொய்யா அமுக்கினா?"

"அடுத்து வர்றவன மெஷின் கேக்கும், இருக்குதா இல்லியான்னு. நாலு பேரு இல்லன்னா எடுத்துடும்."

"நாலு பேரு இருக்குதுன்னா?"

"அப்போ இருக்கும்." ஃபைசல் சிரித்தான். "ஏண்ணா, போலீசுக்கு வேல பாக்கறியா?"

கன்னியப்பனின் வலது கால் ஆடாமல் நின்றிருந்தது. மூன்றாவதையே எடுத்துக்கொண்டான். உப்புக் காற்றுக்குக் கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று சொல்லி, திருகு வைத்த ஸ்டாண்டாகக் கேட்டு வாங்கினான்.

திரும்பி வரும்போது உப்பளத்துக்கு எதிரே காரை ஓரம் கட்டினான். மதிய வெயில். வேலையாட்கள் போய்விட்டார்கள். உப்புக் குவியல்கள் மட்டும் கண்ணைக் கூசவைத்தன. திருடன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பட்டனை அமுக்கினான். "நன்றி. உங்கள் தகவல் மற்ற ஓட்டுநர்களுக்கு உதவும்" என்றது மெஷின். யாரோ காதருகில் வந்து பேசியது போல அவன் திடுக்கிட்டான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புதுச்சேரியிலிருந்து ஏர்போர்ட் சவாரி. பேன்ட் பையில் டிக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற ஒரு பெரியவர் முன் சீட்டில். உப்பளம் நெருங்கும்போதே மெஷின் சொன்னது: "முந்நூறு மீட்டரில் வேகக் கேமரா." கன்னியப்பன் வேகத்தைக் குறைத்தான். முன்னால் போன இரண்டு கார்களின் பின்விளக்குகளும் அடுத்தடுத்துச் சிவந்தன.

"எங்கப்பா கேமரா? உப்புதான் இருக்குது. மெஷின் ஒளறுது" என்றார் பெரியவர். திரையில் 'கேமரா இன்னும் இருக்கிறதா?' என்று கேள்வி வந்தது. அவர் விரலை நீட்டி 'இல்லை'யைத் தொட்டுவிட்டார்.

"சார், அதுல கை வெக்காதீங்க!"

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பெரியவர் கையை மடக்கிக்கொண்டார். கன்னியப்பன் ஒன்று, ஒன்று என்று எண்ணிக்கொண்டே ஓட்டினான். இன்னும் மூன்று பேர் 'இல்லை' என்றால் போதும், குறி போய்விடும். சனிக்கிழமை. சென்னையிலிருந்து பாண்டிக்கு எத்தனை பேர் வருவார்கள், எத்தனை விரல்.

அவரை இறக்கிவிட்டு, போனில் அதே ஆப்பைத் திறந்து பார்த்தான். உப்பளத்துக்கு எதிரே இருந்த குறி இல்லை. மணி எட்டே கால். பதினொன்றரை வரைக்கும் கூடை நடக்கும். அந்த இடத்தில் இருந்தால்தான் அமுக்க முடியும், இங்கிருந்து முடியாது. பார்க்கிங்கில் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு அருண்ராஜுக்குப் போன் போட்டான்.

"டேய், எங்கடா இருக்க?"

"பெருமுக்கல்ல. சவாரிய மலையேத்தி உட்டுட்டு கீழ நிக்கறேன். இறங்கினதும் பாண்டி."

"உப்பளத்துக்கு எதிர கேமரா வெச்சிருக்கான். அந்தப் பக்கம் போறப்போ ஆப்புல போட்டு உடு. நம்ம பசங்க எல்லார்கிட்டயும் சொல்லு, கேட்டா இருக்குதுன்னு அமுக்கச் சொல்லு."

"அங்க ஏதுடா கேமரா? காலையிலகூட அந்தப் பக்கந்தான வந்தேன். நீ பாத்தியா?"

"நான் பாக்கல. அது என்னப் பாத்துது."

"எப்போ?"

"போன சனிக்கெழம."

"அய்யய்யோ, மூணாவதா?"

"மூணாவதுன்னே வெச்சிக்க."

"லைசென்ஸ் இன்னா ஆச்சி?"

"இன்னும் முடிவாகல" என்று போனை வைத்தான்.

அருண்ராஜுக்குப் பயம் வந்தால் ஸ்டாண்டு முழுக்கப் பயம் வரும். கன்னியப்பன் அதைத்தான் நம்பினான். சவாரி இல்லாத வெறும் காரில் திரும்பி வந்தான். மகாபலிபுரம் தாண்டும்வரை நிமிஷத்துக்கு ஒருமுறை மெஷினைப் பார்த்தான். கல்பாக்கம் தாண்டும்போது குறி திரும்ப வந்திருந்தது.

உப்பளத்தை நெருங்கியபோது மணி பதினொன்று ஆகப்போகிறது. மெஷின் சொல்லி முடிப்பதற்குள் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து தானாக விலகியது. கிழக்கு ஓரத்தில் கூடைகளோடு ஆறு பெண்கள் நின்றார்கள். முதல் ஆள் திரௌபதி. கன்னியப்பன் காரை முழுசாக நிறுத்தினான். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். எதிர்ப்பக்கம் வந்த கார்களும் தவழ்ந்துகொண்டிருந்தன.

திரௌபதி கூடையைப் பிடித்தபடி குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள்.

"இன்னாய்யா, வண்டி ரிப்பேரா?"

"கேமரா இருக்குதாம். போ, போ."

அவள் கம்பங்களை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு காக்கைதான் உட்கார்ந்திருந்தது. "எங்க? ஒண்ணையும் காணமே."

"நீ போமே மொதல்ல, வெயிட்டு தலையில இருக்குது!"

அவள் நடந்தாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் நடந்தார்கள். உப்புத் தண்ணீர் தார் ரோட்டில் ஒரு கோடாகச் சொட்டியது. திரையில் கேள்வி வந்து நின்றது: 'கேமரா இன்னும் இருக்கிறதா?' பின்னால் ஹாரன் நிற்கவில்லை. வலது காலைப் பிரேக்கின் மேல் அழுத்தியே வைத்திருந்தான். கடைசிப் பெண் மேற்கு ஓரத்து மண்ணில் காலை வைக்கும்வரை எடுக்கவில்லை. பிறகு விரலை நீட்டி 'ஆம்' என்பதை அமுக்கினான். போதாதென்று இன்னொரு முறையும் அமுக்கினான்.