வடம் இரண்டு முறை ஆடியது

மூன்று வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை தீபத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்த சமயம். கீழ்பென்னாத்தூர் பக்கம், ஏரியை ஒட்டிய ஒருவருடைய பட்டா நிலத்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்தோம். பல வருடமாக உழாமல் போட்டதில் நிலம் முழுக்க வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேல முள்மரம் மண்டிக் கிடந்தது. நிலத்துக்காரருக்கு முள் ஒழிந்தால் போதும், எனக்கு விறகு வேண்டும். தீபம் நெருங்கினால் திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை நெடுக அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டுவார்கள். கேஸ் வந்த பிறகும், அண்டாவில் சோறு வடிக்க விறகுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற சமையல்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

என்னிடம் ஒரு டிராக்டரும் அதன் பின்னால் மாட்டிய வின்ச்சும் உண்டு. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். வின்ச் என்பது ஒரு இரும்பு உருளை, அதில் சுற்றிய நீளமான இரும்பு வடம், அவ்வளவுதான். டிராக்டர் இன்ஜின் அந்த உருளையைச் சுற்றும். வடம் மரத்தை இழுத்துக்கொண்டு வரும். மழை குடித்த ஏரியோர நிலத்தில் டிராக்டரை இறக்கினால், அதை வெளியே எடுக்க இன்னொரு டிராக்டர் தேட வேண்டும். அதனால் வண்டியை மேட்டிலேயே நிறுத்தி, வடத்தை மட்டும் உள்ளே கொண்டுபோய், அறுத்த மரத்தில் சங்கிலி போட்டு மாட்டி இழுப்போம். வின்ச் ஓரத்தில் ஒரு நைலான் கயிறு தொங்கும். அதை இழுத்துப் பிடித்திருக்கும் வரை உருளை சுற்றும், விட்டால் நின்றுவிடும். சின்னக் குழந்தைகூட ஓட்டலாம் என்று சொல்லித்தான் எனக்கு அதை விற்றார்கள்.

என்னோடு வேலை செய்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மெஷின் ரம்பத்தால் மரத்தை அறுத்து, சங்கிலி போடுவார். மனைவி முள்ளைக் கழிப்பார். இழுக்கிற நேரத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே நின்று, எல்லாம் சரி என்றால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உயர்த்திக் காட்டுவார். டிராக்டர் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்பதால் இந்த ஏற்பாடு. துண்டு மேலே போகாமல் இழுக்கக் கூடாது. நான்கு மாதம் ஒரு கீறல் இல்லாமல் வேலை நடந்தது.

ஒன்றை நான் அவர்களிடம் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. விறகுத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் நான் கிணறு வெட்டும் கிரேன் ஓட்டினேன். கிணற்றின் அடியில் இருப்பவரை மேலே உட்கார்ந்திருப்பவன் பார்க்க முடியாது. பக்கெட்டில் கல் நிரம்பியதும் கீழே இருப்பவர் வடத்தை இரண்டு முறை ஆட்டுவார். ஆட்டினால் தூக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கீழேயிருந்து வண்டை வண்டையாகத் திட்டு வரும். ஒரு நாளைக்கு எத்தனை பக்கெட், பன்னிரண்டு வருடத்துக்கு எத்தனை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். கிளை பிரிந்த பெரிய மரம் ஒன்று. கணவர் சங்கிலியைச் சுற்றிக் கொக்கியும் மாட்டிவிட்டார். சங்கிலி சரியாக உட்காரவில்லை என்று இடது கை விரல்களை அதற்குள் விட்டு நகர்த்திக்கொண்டிருந்தார். வடம் ஒரு பழைய அடிக்கட்டையில் சிக்கியிருந்தது. அதை விடுவிக்க வலது கையால் இரண்டு முறை ஆட்டினார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. என் பக்கத்தில் நான் பார்த்தது, உருளைக்கு அருகே வடம் இரண்டு முறை துள்ளியதை மட்டும்தான். என் கை கயிற்றை இழுத்துவிட்டது. யோசித்து இழுத்தேன் என்றோ யோசிக்காமல் இழுத்தேன் என்றோ சொல்ல முடியவில்லை. கை இழுத்தது.

அடுத்த நொடி என் கன்னத்தில் ஒரு மண்ணாங்கட்டி வந்து அறைந்தது. வேரோடு பெயர்த்த ஈர மண். கயிற்றை விட்டுவிட்டு முகத்தைப் பிடித்துக்கொண்டேன். உருளை நின்றுவிட்டது.

"அறிவு கீதா உனக்கு? கண்ணு போயிருந்தா இன்னா பண்றது?" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினேன். கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மண்ணை எறிந்த கையோடு அவர் கணவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அவர் ஓடிய திசையைப் பார்த்த பிறகுதான், கணவரின் கை சங்கிலிக்குள் மாட்டியிருப்பது எனக்குத் தெரிந்தது.

வடத்தைத் தளர்த்த வேண்டும். அவசரத்தில் மறுபடியும் அந்தக் கயிற்றை இழுத்துவிடுவேனோ என்று பயம் வந்தது. என் கையை நானே நம்பவில்லை. முதலில் இன்ஜினை அணைத்தேன். பிறகு உருளையின் பிரேக்கை எடுத்துவிட்டு, ஓடிப்போய் வடத்தைக் கையாலேயே இழுத்துச் சங்கிலியைத் தளர்த்தினேன். வெளியே வந்த அவர் கையில் இரண்டு விரல்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

நிலத்துக்காரரின் வேனில் திருவண்ணாமலைக்கு விரைந்தோம். துண்டில் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "மரம் உருண்டுச்சுனு சொல்லிடலாம்ணா. உங்களுக்கு எதுக்கு வம்பு?" நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் சரி என்று சொல்லிவிட்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எப்படி ஆனது என்று கேட்டார்.

"மரம் உருண்டு மேல வுழுந்துடுச்சுங்க" என்றார் கணவர்.

"இல்லீங்க" என்றார் மனைவி. "சங்கிலிக்குள்ள கை மாட்டி மிஷின் இழுத்துடுச்சு. நான் துண்டு காட்டல. இவரு இழுத்துட்டாரு." குரலில் கோபம் இல்லை. நடந்ததை மட்டும் சொன்னார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "ஆமாங்க, நான்தான் இழுத்தேன்" என்றேன். அவமானமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"சங்கிலி இறுக்குச்சா? இத மொதல்ல சொல்ல வேணாமா?" என்று அதட்டிவிட்டு, எலும்பு முறியாத மூன்றாவது விரலையும் அழுத்திப் பார்த்தார். அதற்குத்தான் ரத்தம் போகாமல் இருந்தது. உடனே ஆபரேஷனுக்கு அனுப்பினார். மூன்று விரலும் தப்பின, ஒன்று மட்டும் இன்றுவரை முழுதாக மடங்காது. மரம் உருண்டது என்ற கதை நின்றிருந்தால் அந்த விரலைக் கவனிக்காமல் விட்டு, பிறகு எடுத்திருப்பார்கள்.

வெளியே காத்திருந்தபோது, கிரேன் ஓட்டிய கதையை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆட்டினா இழுப்பீங்கனு முன்னாடியே சொல்லி இருந்தா அவரு வடத்த தொட்டே இருக்க மாட்டாரே" என்றார்.

"எனக்கே தெரியாதுமா" என்றேன்.

"உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கு இல்ல?" என்றார்.

இனி என் பக்கமே வர மாட்டார்கள் என்று நினைத்தேன். மாசி மாதம் இரண்டு பேரும் வந்தார்கள். "வேலைக்கு வரோம்ணா. ஆனா வின்ச் கயிறு என் கையில இருக்கணும். சங்கிலி நீங்க போடுங்க" என்றார் மனைவி. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் டிராக்டர், என் வின்ச், எனக்கே நிபந்தனையா என்று ஒரு நிமிடம் சுருக்கென்றது. பிறகு தலையாட்டினேன்.

முதல் நாள் நான் சேற்றில் மண்டிபோட்டு, மரத்துக்கு அடியில் சங்கிலியை நுழைத்தேன். கணவர் நடுவில் துண்டோடு நின்றார். நிமிர்ந்து பார்த்தேன். மேட்டில் டிராக்டர் பக்கத்தில் அந்தப் பெண் நின்றிருந்தார். வடத்தைப் பார்க்கவில்லை, உருளையைப் பார்க்கவில்லை. கண் எடுக்காமல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிரேனிலும் வின்ச்சிலுமாக இத்தனை வருடம் இழுத்தவன், வடத்தின் மறுமுனையில் இருக்கிற மனிதரைப் பற்றி ஒருநாளும் அவ்வளவு கவலைப்பட்டதில்லை என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.