தெல்மாவின் சிவப்பு கவுன்

தெல்மா பிளிஸெட் பிடிவாதக்காரி. இதை நான் பெருமையாகவும் சொல்வேன், எரிச்சலோடும் சொல்வேன். பக்கத்து வீட்டில் இருந்து அனுபவித்தவள் நான். வூல்ஸ்டன் பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு, 'நில்' என்று எழுதிய வட்டப் பலகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு, எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சாலை கடக்க வைத்தவள் அவள். ஒருமுறை ஒரு லாரிக்காரன் நிறுத்தாமல் ஊர்ந்து வந்தான். தெல்மா நகரவில்லை. லாரி அவள் கோட்டு பித்தானைத் தொடுகிற தூரத்தில் நின்றது. "வாயேன் ராசா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. உனக்குத்தான் எங்கியோ போகணும் போலிருக்கு" என்றாள். அவன் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

புருஷன் லென், பந்து உருட்டும் கிளப்பில் பழகிய ஒருத்தியோடு வீட்டை விட்டுப் போனபோதும் அவள் அழவில்லை. அன்று மத்தியானமே அவனுடைய நாற்காலியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். அவளை அழவைத்தது அவளுடைய சொந்தக் குடல்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதில் புற்றுநோய் வந்தது. கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் ஒரு துளை வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். இனி ஆயுசுக்கும் கழிவு அந்த வழியாகத்தான், அந்தப் பையில்தான்.

வீட்டுக்கு வந்த அன்று அவளுடைய அக்கா மேவிஸ் அலமாரியைத் திறந்து, இறுக்கமான துணிகளை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டினாள். அதில் ஒரு சிவப்பு சாட்டின் கவுனும் இருந்தது. நோய் தெரிவதற்குச் சில வாரம் முன்பு தெல்மா ஆசைப்பட்டு வாங்கியது, ஒருமுறைகூட உடுத்தாதது. உடம்போடு ஒட்டிக்கொண்டு இறங்குகிற மாதிரி தைத்த துணி அது.

"இதெல்லாம் இனிமே மறந்துடு கண்ணு. தொளதொளன்னு ஏதாவது போட்டுக்கோ" என்றாள் மேவிஸ்.

"மூட்டையைக் கீழ வை" என்றாள் தெல்மா, படுக்கையில் இருந்தபடியே.

மேவிஸ் வருடம் தவறாமல் கப்பலில் போகிறவள். இந்தத் தடவை எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். தெல்மாவுக்கும் எனக்கும் சேர்த்து ஜன்னல் இல்லாத ஓர் அறை, மேவிஸுக்குத் தனியாக பால்கனி வைத்த அறை. சரி என்று சொன்ன கையோடு தெல்மா ஒரு சபதமும் போட்டாள். கப்பலில் எல்லாரும் பகட்டாக உடுத்திக்கொண்டு சாப்பிட வருகிற முதல் ஃபார்மல் நைட் அன்று அந்தச் சிவப்பு கவுனைப் போட்டுக்கொண்டு பெரிய படிக்கட்டில் இறங்குவாள். எல்லாரும் நின்று எடுத்துக்கொள்கிற இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வாள். பிறகு சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் சாப்பிடுவாள். "முடியலேன்னா?" என்று கேட்டேன். "முடியலேன்னா நான் செத்துப்போயிருக்கலாம்னு அர்த்தம், ஹேசல்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதற்கு அவள் செய்த ஒத்திகை கொஞ்சநஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கவுனை மாட்டிக்கொண்டு என் சமையலறைக்கு வந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவாள். வறுத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பட்டாணி, குழம்பு. எதைச் சாப்பிட்டால் பை எவ்வளவு உப்புகிறது என்று எதிரே உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. வெங்காயத்துக்குப் பலூன் மாதிரி ஆனது. காளானுக்கும் அப்படியே. முட்டைக்கோஸைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

"இன்னிக்கு எப்படி?"

"தெரியுது."

"எவ்வளவு தெரியுது?"

"ஒரு பன் அளவு."

"பன்னுன்னா பரவாயில்ல" என்று இன்னொரு துண்டு இறைச்சி எடுத்துக்கொள்வாள்.

எங்கள் ஊர்த் துறைமுகமான சவுத்தாம்ப்டனிலேயே கப்பல் ஏறுகிறவர்களுக்கு விமானக்காரர்களின் எடைத் தொல்லை கிடையாது. அதனால் மேவிஸ் வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கவுனுக்கும் ஒரு ஜோடி செருப்பு, ஒவ்வொரு செருப்புக்கும் ஒரு கைப்பை. தெல்மாவின் பெட்டியில் சக்கரம் உடைந்திருந்ததால் தன்னுடைய பெட்டிகளில் ஒன்றை அவளுக்கு இரவல் கொடுத்தாள். தெல்மா கவுனை மெல்லிய காகிதம் வைத்துச் சுருட்டி அதன் அடியில் வைத்தாள். மேலே மாற்றுப் பைகளில் பாதி. மீதிப் பாதியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். துறைமுகத்தில் அறை எண் சீட்டு கட்டிய பெட்டியைச் சுமைக்காரரிடம் கொடுத்தால், சாயங்காலம் அது நம் அறை வாசலில் வந்து நிற்கும்.

என் பெட்டி வந்தது. தெல்மாவின் பெட்டி வரவில்லை. இரவும் வரவில்லை, மறுநாள் காலையும் வரவில்லை. மறுநாள்தான் முதல் ஃபார்மல் நைட். வரவேற்பு மேஜைக்காரர்கள் தேடுகிறோம் தேடுகிறோம் என்றார்கள். தெல்மா இரவல் பெட்டி கொடுத்த அக்காவை முறைத்தாள்.

"என் கறுப்புத் தொளதொளப்பு ஒண்ணு இருக்கு. முழங்கால் வரைக்கும் தொங்கும், ஒண்ணுமே தெரியாது" என்றாள் மேவிஸ். "இல்லேன்னா இன்னிக்கு மட்டும் மேல பஃபேல சாப்பிட்டுக்கலாம். அங்க யாரும் டிரஸ்ஸைக் கேக்க மாட்டாங்க."

"பஃபேல சாப்பிட நான் எதுக்குக் கடலுக்கு வரணும்?"

எனக்கு அப்போது ஒரு சந்தேகம் தட்டியது. மேவிஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய பயணங்களின் அறை எண் சீட்டுகளைப் பெட்டிக் கைப்பிடியிலிருந்து கழற்றவே மாட்டாள். பட்டாளத்துக்காரன் பதக்கம் தொங்கவிடுகிற மாதிரி வரிசையாகத் தொங்கும். எத்தனை தடவை போயிருக்கிறாள் என்று வரிசையில் நிற்கிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் அல்லவா!

"மேவிஸ், அந்தப் பெட்டியில பழைய சீட்டைக் கழட்டினியா?" என்று கேட்டேன்.

மேவிஸின் முகம் போன போக்கே பதில் சொல்லிவிட்டது. போன வருடமும் இதே கப்பல்தான்.

"போன வருஷ ரூம் நம்பரைச் சொல்லு" என்றாள் தெல்மா.

"நீயா போகப்போறே? அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்கடி!"

"நம்பர்."

மூவரும் போய் அந்த அறைக் கதவைத் தட்டியபோது கெர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பாதி மாட்டிய சட்டையோடு திறந்தார். அறைக்குள் அவர்களுடைய பெட்டிகளுக்கு நடுவில் எங்கள் பெட்டி.

"ஐயோ, வாங்க வாங்க. எங்களோடது இல்லன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. யாருதுன்னு பாக்கத் திறந்துட்டோம், மன்னிக்கணும்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "உள்ள ஏதோ... மருத்துவச் சாமான் இருந்துச்சுங்க. நாங்க தொடல" என்றார்.

மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். நடைபாதையில் இரண்டு தம்பதிகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அது நான் வயித்துல ஒட்டிக்கிற பைங்க" என்றாள் தெல்மா, பள்ளிக்கூட வாசலில் பேசுகிற குரலில். "மத்த பையெல்லாம் தொலஞ்சு போகும், அது மட்டும் எங்க போனாலும் கூடவே வரும். அடியில ஒரு சிவப்புத் துணி இருந்துச்சா? அதைச் சொல்லுங்க முதல்ல."

இருந்தது. கசங்கித்தான் இருந்தது. ஃபார்மல் நைட் அன்று கப்பலில் சண்டை நடக்கிற இடம் சலவை அறை. இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு வரிசை, பாதி வரிசை உள்பாவாடையோடு. ஒருத்தி தன் புருஷனுடைய சட்டைகளை ஒரு வாரத்துக்குச் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு ராத்திரி ஒரு சட்டையோட நிறுத்திக்க மாட்டாரா?" என்று தெல்மா கேட்ட கேள்வியில் இஸ்திரிப் பெட்டி கை மாறியது.

எங்கள் குளியலறை ஓர் அலமாரி அளவுதான். தெல்மா உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே வரவே இல்லை. நான் என் நீல உடுப்பின் ஜிப்போடு மல்லுக்கட்டி முடித்து, காதணி மாட்டி, உட்கார்ந்து, எழுந்து, கடைசியில் கதவைத் தட்டினேன்.

"ஹேசல், பை ஒட்டவே மாட்டேங்குது."

உள்ளே நெருக்கிக்கொண்டு போனேன். கவுனை இடுப்புவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் மை கரைந்திருந்தது. அந்தத் துளையை நான் அதுவரை பார்த்ததில்லை. சிவப்பாக, ஈரமாக, உதடு மாதிரி இருந்தது. எனக்கு அருவருப்பு வரும் என்று பயந்தேன். வரவில்லை. அவள்மேல் தாங்க முடியாத பாசம்தான் வந்தது. அவள் சொல்லச் சொல்ல ஓரத்தை அழுத்தி ஒட்டிவிட்டேன்.

"வேண்டாம்னா விட்டுடலாம்டி. யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்றேன்.

"நான் சொல்லுவேனே" என்றாள். "அந்த மையைக் கொண்டா."

படிக்கட்டின் கீழே போட்டோக்காரன் நின்றிருந்தான். ஆண்கள் எல்லாம் கறுப்புக் கோட்டும் பட்டாம்பூச்சி டையுமாக ஒரே அச்சில் வார்த்த மாதிரி நின்றார்கள். மேவிஸ் அவசரமாகத் தன் சால்வையை உருவித் தங்கையின் கையில் திணித்தாள். "முன்னாடி பிடிச்சுக்கோ. இடப்பக்கம், இடப்பக்கம்!" தெல்மா சால்வையை வாங்கி என்னிடம் கொடுத்தாள். கைப்பையையும் கொடுத்தாள். இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, சாலை நடுவில் நிற்கிற மாதிரி நின்றாள். ஃபிளாஷ் அடித்தது.

எட்டுப் பேர் மேஜை. குமிழி வைன் வேண்டாம் என்றாள், காளான் சூப் வேண்டாம் என்றாள், மற்றதெல்லாம் சாப்பிட்டாள். கேப்டன் எழுந்து பேசி, எல்லாரும் கோப்பையைத் தூக்கி மௌனமான அந்த நிமிடம் பார்த்து அவள் வயிற்றிலிருந்து நீளமாக ஒரு சத்தம். எதிரில் இருந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர் திடுக்கிட்டார்.

"மன்னிக்கணும். அது என்னைக் கேட்டுட்டுப் பேசாது" என்றாள் தெல்மா.

டாக்டரின் மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு மேஜையே சிரித்தது, மேவிஸைத் தவிர. மேவிஸ் கெட்டவள் இல்லை. ஆஸ்பத்திரியில் தினமும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டே காவல் இருந்தவள். தன் தங்கையைப் பார்த்து யாரும் முகம் சுளித்துவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை போட்டோக்களைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். தெல்மா நன்றாக இருந்தாள். நிமிர்ந்து, மிடுக்காக, கொஞ்சம் முறைத்துக்கொண்டு. இடுப்புக்குக் கீழே இடப்பக்கம் சாட்டின் பளபளப்பு ஒரு பன் அளவுக்கு எழும்பியிருந்தது. பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மேவிஸ் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி ஏதோ சொன்னாள்.

"அதுக்கென்ன மேடம், கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம்" என்றாள் அந்தப் பெண், விரலால் படத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி. "இது ஒண்ணுதானே? இருந்த இடமே தெரியாது."

"வேண்டாம்மா" என்றாள் தெல்மா. கோபமே இல்லாமல் சொன்னாள். "ரெண்டு வருஷமா நான் உயிரோட இருக்கிறது அதாலதான். அதை எடுத்துட்டா, அந்தப் படத்துல ஆளே இருக்க மாட்டா."

அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டாள். மேவிஸ் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். கைப்பையைத் திறந்து கைக்குட்டை தேடினாள், கிடைக்கவில்லை, சால்வை நுனியால் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்ணு போடும்மா" என்றாள். "பெருசா. ஒண்ணையும் எடுக்காதே."