பிலோமினா அக்காவுக்குக் கிடைக்காத கதிரை

லண்டன் ஈஸ்ட் ஹாம் கடையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது பிலோமினா அக்காவின் கணவர் அந்தோனி அண்ணையின் அழைப்பு வந்தது. "தங்கச்சி, பிலோமினா விடியப் போயிட்டா. நித்திரையிலையே போயிட்டா." மீனை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

மன்னாரில் பிறந்து பிளேஸ்டோவில் வாழ்ந்த பிலோமினா அக்காவும் நானும் ஒரே இடத்தில் வேலை செய்தோம். பிரிட்டிஷ் பேரரசுக் காலத்தில் ஜப்பானில் வியாபாரம் செய்து திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் லண்டனில் கட்டிய மரவீடு அது. முன்பாதி கண்ணாடிச் சன்னல், கணப்படுப்பு என்று இங்கிலாந்து. பின்பாதி வைக்கோல் பாய், காகிதக் கதவு என்று ஜப்பான். இன்று அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நான் டிக்கெட் கொடுப்பேன், அக்கா அறைகளைக் காவல் காப்பார்.

முன்பாதியில் உட்காரக் கதிரைகளுக்குக் குறைவில்லை. யாரும் இருந்துவிடாதபடி ஒவ்வொன்றிலும் காய்ந்த முட்செடிப் பூ வைப்பது அங்கே வழக்கம். காலையில் அதை வைப்பவரும் அக்காதான். பிறகு மாலைவரை பின்பாதியில் நிற்பார். "முள்ளையும் நானே வச்சிட்டு நிண்டுகொண்டும் இருக்கிறன், பாரும்" என்று சிரிப்பார்.

முழங்கால் வீங்கத் தொடங்கியதும் ஒரு கதிரை கேட்டார். மேலாளர் மிக மரியாதையாக மறுத்தார். ஜப்பானிய அறையில் கதிரை இருந்தால் அழகு கெட்டுவிடுமாம். மரத்தில் ஈரம் பிடிக்கிறதா என்று அடிக்கடி ஆள் வந்து தடவிப் பார்த்த வீடு அது. அக்காவின் காலை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒருநாள் ஜப்பானிலிருந்து வந்த முதிய அம்மையார் ஒருவர், இது தரையில் இருப்பதற்கென்றே கட்டிய அறை என்று சொல்லி, அக்காவின் கையைப் பிடித்துப் பாயில் இருத்தினார். இருவரும் தோட்டத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்கள். அதற்கும் ஏச்சு விழுந்தது. "பிழையெண்டால் பிழைதான். ஆனா நல்லாய் இருந்தது, தங்கச்சி" என்றார். அடுத்த குளிருக்குள் நடக்க ஏலாமல் வேலையை விட்டார்.

செத்தவீட்டுக்கு மேலாளரும் வந்தார். தோட்டத்தில் அக்காவின் பெயர் பொறித்து நீள இருக்கையாக ஒரு வாங்கு போடப்போகிறார்களாம். வருகிறவர்கள் இருந்து களைப்பாறலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தோனி அண்ணை குரலை உயர்த்தவில்லை. "அவ கேட்டது ஒரு கதிரை. அப்ப ஏலாது எண்டனீங்கள். இப்ப அவவின்ர பேரிலை ஆரும் இருக்க வேண்டாம்" என்றார். நான் அதை ஒரு சொல்லும் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஆறுதலாகப் போய்ச் சேருங்கள், அக்கா. அங்கே இருந்துகொள்ளுங்கள். யாரும் எழும்பச் சொல்லமாட்டார்கள்.