பேர் எழுதாத பார்சல்கள்

கடையில் அவளுக்கு ரிப்பனக்கா என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். நாலு மாடிக் கடையின் தரைத்தளத்தில், நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில், பரிசுப் பொருளுக்குத் தாள் சுற்றிக் கொடுக்கும் மேசை அவளுடையது. பெட்டியை ஒரு பார்வை பார்த்தால் போதும், அளவெடுக்க வேண்டாம், கத்தரி தாளுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். மூலைகள் விறைப்பாக நிற்கும். டேப் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடினாலும் கிடைக்காது. டேப் வெளியே தெரிகிற பார்சலைப் பார்த்தால் அவளுக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும்.

கை அப்படி. வாய் அதற்கு ஒரு படி மேலே. அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு மூச்சு விட இடம் கிடைப்பதே பெரிய விஷயம். கெட்ட மனசு கிடையாது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பவள் அவள்தான். போய் நின்று அங்கேயும் தன் கதையைத்தான் சொல்லுவாள் என்பது வேறு விஷயம். அடுத்தவர் பேசும்போது தலையாட்டுவாள், நடுநடுவே "அடடா" போடுவாள். மனசு மட்டும் தன்னுடைய அடுத்த கதைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்.

கல்யாணமான சில வருஷத்திலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். பிள்ளை இல்லை. கிறிஸ்துமஸ் என்றால் அண்ணன் வீடு. மற்ற நாளெல்லாம் இந்த மேசையும், கூட டீ குடிக்கிற இரண்டு பேரும். ஒருத்தி, வாங்கிய துணியை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துத் தைத்துக் கொடுக்கிற டெய்லரம்மா. இன்னொருத்தி பொம்மைப் பிரிவில் நிற்கும் சின்னப் பெண், பொம்மைக்காரி. ரிப்பனக்காவுக்கு இவர்கள் இரண்டு பேரும் இல்லை என்றால் கடை வெறும் கட்டடம்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால், மூன்று பேரும் அடித்தளத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே டீயோடு உட்கார்ந்தார்கள். பேச்சு பரிசைப் பற்றியும் அவரவர் வீட்டு வழக்கத்தைப் பற்றியும் போயிற்று.

"எங்க அப்பா எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிடுவாரு. நாங்க தேடணும்" என்றாள் பொம்மைக்காரி. "ஒரு வருஷம் எங்க வச்சோம்னு அவருக்கே மறந்துபோச்சு. மழைக்காலத்துல குடையை விரிக்கறேன், உள்ளேருந்து என் கம்மல் விழுது!"

டீ புரையேறச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ரிப்பனக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க அண்ணன் வீட்ல என் பார்சலைப் பிரிக்கவே யாருக்கும் மனசு வராதுடி. அண்ணி பிளேடை எடுத்துக்கிட்டு ஆபரேஷன் பண்ற மாதிரி உக்காருவாங்க. ஒரு கிழிசல் வராது. தாளை மடிச்சு பீரோவுல வச்சுப் பூட்டிடுவாங்க."

"உள்ள இருக்கிற பொருள் என்னாகும்?"

"அது எங்கயாவது கிடக்கும்."

டெய்லரம்மா சிரித்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பகல் பூராவும் உதட்டில் குண்டூசியை வைத்துக்கொண்டு வேலை செய்வதால் வந்த பழக்கம் என்று ரிப்பனக்கா கிண்டல் செய்வாள். அன்றைக்கு என்னவோ அவளாகவே வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்ல பார்சல்ல பேரே எழுத மாட்டோம்க்கா. கட்டியிருக்கற லட்சணத்தைப் பார்த்தே யார் குடுத்ததுன்னு கண்டுபிடிக்கணும். பொண்ணு கஞ்சம், டேப்பே போட மாட்டா, நூலால சுத்தியிருப்பா. பையன்து பாதி பிரிஞ்சே வரும். இந்த வருஷம் அவரும் கட்டியிருக்காருக்கா. போன வருஷம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரே, அந்த மனுஷன்! ரெண்டு நாளா கதவைச் சாத்திக்கிட்டு, அந்த இடது கையாலேயே, டேப்பை வாயால கடிச்சுக் கடிச்சு... பிள்ளைங்களுக்குத் தெரியாது. பார்த்த உடனே அப்பாதுன்னு சொல்லிடுவாங்கன்னு அவருக்கு அப்படி ஒரு இது."

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை போயிற்று, பேச்சு பாதி போயிற்று. பொம்மைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. ரிப்பனக்காவும் "அடடா" என்றாள். நன்றாக, நீட்டி, சரியான இடத்தில்தான் சொன்னாள். ஆனால் "டேப்" என்ற சொல் காதில் விழுந்ததுமே அவளுக்கு நேற்று வந்த ஒரு ஆள் ஞாபகத்துக்கு வந்துவிட்டான். நாய்க்குப் பரிசு வாங்கி, அதைக் கட்டச் சொல்லி, டேப் போட்டால் நாய் தின்றுவிடும் என்று சண்டை பிடித்தவன். அவன் கதையை எப்படித் தொடங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு டெய்லரம்மா சொன்னதில் சத்தம் கேட்டது, சங்கதி ஏறவில்லை. மூச்சு விடும் இடம் கிடைத்ததும் நாயை அவிழ்த்துவிட்டாள்.

மேலே போகும்போது டெய்லரம்மா ஒரு துணிப்பையை ரிப்பனக்காவிடம் கொடுத்தாள். "இதை உங்க மேசைக்குக் கீழ வச்சுக்கங்கக்கா. என் அறையில கால் வைக்க இடமில்ல. வீட்ல வச்சா ரெண்டும் மோப்பம் பிடிச்சிடும்."

"வச்சிட்டுப் போ. என் கண்ணைத் தாண்டி ஈ கூடப் போகாது."

மதியம் வரைக்கும் கூட்டம் பிய்த்து எடுத்தது. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. காலை நீட்டியபோது பை தட்டுப்பட்டது. எட்டிப் பார்த்தாள். நீலத் தாள், நாலு பார்சல். ஒவ்வொன்றிலும் டேப் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. மூலைகள் கசங்கி உருண்டிருந்தன. ஒன்றில் தாள் கிழிந்து, கிழிசலின் மேல் இன்னொரு துண்டு ஒட்டி, அதுவும் கிழிந்திருந்தது.

ஐயோ பாவம், வேலை வேலை என்று இருக்கிறாள், வீட்டிலும் ஒண்டியாய்க் கிடந்து சாகிறாள், இதைக்கூடச் சரியாகக் கட்ட நேரமில்லை என்று நினைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன, நான் என்ன வேற்று ஆளா என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. கை அதற்குள் கத்தரியை எடுத்துவிட்டது.

தங்க நிறத் தாளை எடுத்தாள். அதைக் கேட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் கொடுப்பது வழக்கம். இதற்குப் போடாமல் வேறு எதற்குப் போடுவது? நீலத் தாளைப் பிய்த்து எறிவதே பெரிய பாடாக இருந்தது, அத்தனை டேப். நாலையும் பிரித்து, நாலையும் கட்டி, சிவப்பு ரிப்பனில் பூ வைத்தாள். பதினெட்டு வருஷ வேலையில் இவ்வளவு நன்றாக வந்ததில்லை என்று தோன்றியது. சாயங்காலம் டெய்லரம்மாவின் முகம் எப்படி மலரும் என்று நினைத்து, வந்த வாடிக்கையாளரிடமெல்லாம் சும்மா சிரித்தாள். குப்பைக்காரர் வந்து தாள் கூடையைத் தள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். ரிப்பனக்கா பையை மேசைமேல் வைத்து, "கண்ணை மூடிக்கிட்டுத் திற" என்றாள்.

டெய்லரம்மா திறந்தாள். முகத்தில் எதுவும் மலரவில்லை. ஒரு பார்சலை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். பையின் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினாள்.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"அவர் கட்டினது எங்கக்கா?"

"யார் கட்டினது?"

பொம்மைக்காரிதான் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, காலையில சொன்னாங்களே. அண்ணன் இடது கையால கட்டினாருன்னு. நீங்களும் கேட்டீங்களே. அடடான்னு சொன்னீங்களே."

அப்போதுதான் காலையில் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ரிப்பனக்காவின் மண்டைக்குள் போய்ச் சேர்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டு. இடது கையால். வாயால் கடித்து. அவளுக்கு முகம் எரிந்தது. கடை வெளிச்சம் முழுவதும் தன்மேலேயே விழுகிற மாதிரி இருந்தது. பின்பக்கம் ஓடினாள். அங்கே தாளையெல்லாம் நசுக்கிக் கட்டுகிற எந்திரம் அன்றைய கட்டைத் துப்பிக்கொண்டிருந்தது.

"நீலத் தாள்ணா! மதியம் என் மேசையிலேருந்து எடுத்தீங்களே!"

"உள்ள போனா போனதுதாம்மா" என்றார் குப்பைக்காரர். "என்ன, நகை கிகை ஏதாவதா?"

திரும்பி வந்து, கடையில் இருந்த நீலத் தாளை இழுத்துப் போட்டு, அதேபோலக் கோணல்மாணலாகக் கட்டிப் பார்த்தாள். எவ்வளவு கசக்கினாலும் மூலை நேராக வந்து உட்கார்ந்தது. டெய்லரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாம்க்கா. அவருக்குத் தெரிஞ்சிடும். பரவாயில்ல விடுங்க." அவள் திட்டியிருந்தால், நாலு வார்த்தை கத்தியிருந்தால், ரிப்பனக்கா பதிலுக்கு அழுதாவது தீர்த்திருப்பாள்.

"நானும் வரேன். அவர்கிட்ட நானே சொல்றேன்."

"நீங்க எதுக்குக்கா?"

"வரேன்னா வரேன்."

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். ரிப்பனக்கா வாயைத் திறக்காமல் அவ்வளவு தூரம் பயணம் செய்தது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே சொல்லிவிடுவது, உள்ளே காலை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கதவைத் திறந்தது கல்லூரியில் படிக்கிற பையன். "பெரியம்மா! வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தான். வாசல் போயிற்று. அப்புறம் கூடத்தில் சொல்லலாம் என்று நினைத்தாள். கூடத்தில் அவர் இருந்தார்.

சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, மடியில் துண்டை விரித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரிப்பனக்காவுக்குத் தலையை அசைத்தார். கண் டெய்லரம்மா கையிலிருந்த பையின் மேலேயே இருந்தது. இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று அவளுக்குள் ஒன்று முட்டியது. அதற்குள் வேலைக்குப் போகிற பெரிய பெண் பையை வாங்கித் தரையில் கொட்டிவிட்டாள்.

தங்கத் தாள் விளக்கில் மின்னியது. அவர் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், அவள் தலை குனிந்திருந்தது. பிறகு ரிப்பனக்காவைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. புரிந்துகொண்டார், அவ்வளவுதான். மடியில் இருந்த இடது கையை மெதுவாக எடுத்துத் துண்டுக்குக் கீழே விட்டுக்கொண்டார்.

"இது யார் குடுத்தது? கடையில கட்டினது செல்லாது, ஆட்டம் க்ளோஸ்" என்றான் பையன்.

"அம்மாவாத்தான் இருக்கும். பெரியம்மாகிட்ட சொல்லிக் கட்டி வாங்கியிருப்பாங்க. ஏம்மா, நீயே ஏமாத்தலாமா?" என்றாள் பெண்.

யாரும் அப்பா பக்கம் திரும்பவில்லை. கடைசியில் அவரே பேசினார். ஒவ்வொரு சொல்லாக, இழுத்து இழுத்து.

"என்து. நான்... குடுத்தது. எனக்கு முடியல. அவங்கள... கட்டச் சொன்னேன்."

"அப்பாவா?" பெண் எழுந்து போய் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். "அப்பா நமக்கு வாங்கினாராம்டா!" ரிப்பனக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "தேங்க்ஸ் பெரியம்மா. எவ்வளவு அழகு! அடுத்த வருஷமும் நீங்களே கட்டிக் குடுத்துடுங்க. அப்பாவுக்குச் சிரமம் இல்லாம போகும்."

"ஆமா" என்றார் அவர். "அதான்... நல்லது."

டெய்லரம்மா சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சும்மா இருந்துவிடலாம். அந்த மனுஷனே வழி விட்டுவிட்டார், இனி இது யாருக்கும் தெரியப்போவதில்லை. சிரித்து, ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். ஒரு கணம் ரிப்பனக்கா அப்படியும் நினைத்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த "நல்லது" அவளை நிற்க விடவில்லை.

"பொய்ம்மா" என்றாள். "உங்க அப்பா யாரையும் கட்டச் சொல்லல. நாலையும் அவரே கட்டினாரு. ரெண்டு நாள் கதவைச் சாத்திக்கிட்டு, ஒத்தைக் கையால. நீங்க பார்த்ததும் அப்பாதுன்னு சொல்லணும்னு. உங்க அம்மா என்கிட்ட அதைச் சொன்னா. நான் காதுல வாங்கல. கண்றாவியா இருக்குன்னு நானே பிரிச்சு மாத்திட்டேன்."

பெண்ணின் கை அப்பாவின் தோளிலேயே நின்றது. பையன் மடியில் இருந்த பார்சலைக் கீழே வைத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் சொன்ன பொய்யையும் தான் பிரித்துப் போட்டுவிட்டதுபோல ரிப்பனக்காவுக்குப் பட்டது. இருந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

பெண் குனிந்து, துண்டை விலக்கி, அப்பாவின் இடது கையை வெளியே எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்தாள். குரலில் சண்டை இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்பா கட்டின தாளெல்லாம் எங்க பெரியம்மா?"

ரிப்பனக்காவுக்கு வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"குப்பையில" என்றாள்.