லைனிங் தோலில் ஒரு கட்டு

ஆரோக்கியமேரிக்குப் பேரில் மட்டும்தான் ஆரோக்கியம். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். சின்ன வயதிலிருந்தே எதுவும் ஒத்துக்கொள்ளாத உடம்பு. கவரிங் வளையல் போட்டால் மணிக்கட்டைச் சுற்றித் தடிக்கும், வாசனை சோப்பு போட்டால் கழுத்து சிவந்துபோகும். அப்படிப்பட்டவளுக்கு ஆம்பூரில் கிடைத்தது ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஷூவின் உள்பக்கம் வைக்கிற லைனிங் தோலைப் பன்னிரண்டு வருஷம் தைத்தாள். ஒரு நாள்கூட அவள் தையல் கோணியதில்லை, சூப்பர்வைசரே சொல்லுவார்.

ஆறாவது வருஷம் விரல்கள் வெடிக்க ஆரம்பித்தன. நமைச்சல், அப்புறம் நீர் வடிதல், அப்புறம் செதில். கம்பெனியில் தோல் ஒட்டுகிற பசைதான் காரணம் என்று தெருவே தீர்ப்பு சொல்லிவிட்டது. பசையின் நெடி மூக்கைத் துளைக்கிறது, கண்ணில் தண்ணீர் வரவழைக்கிறது, அதைவிட்டால் வேறு யார் குற்றவாளி? வேலூரில் பார்த்த டாக்டரம்மா மட்டும் அவசரப்படவில்லை. உடம்புக்கு எது ஆகவில்லை என்று முதுகில் ஒட்டுப் போட்டுச் சோதிக்க வேண்டும், ஒரே வாரத்தில் மூன்று தடவை வர வேண்டும் என்றார். கம்பெனியில் ஒரே வாரத்தில் மூன்று நாள் லீவு கேட்க மேரிக்குத் துணிச்சல் இல்லை. சோதனைக்குப் போகவேயில்லை. லீவு கேட்கப் பயந்தவள் கடைசியில் போன வருஷம் வேலையையே விட்டுவிட்டு வந்தாள்.

வேலையை விட்டதும் கை முக்கால்வாசி தேறியது. வலது உள்ளங்கையும் நாலு விரலும் மட்டும் அடம் பிடித்தன. பன்னிரண்டு வருஷப் பசை, அவ்வளவு சுலபத்தில் போகுமா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் ஸ்டீபன் தோல் மண்டியில் மூட்டை தூக்கி இடுப்பு போய்ப் படுத்திருந்தார். அந்த வீடு இனி இவள் கையை நம்பித்தான் ஓட வேண்டும். அந்த நேரத்தில்தான் மேல்விஷாரம் பக்கம் ஒரு மாணவியர் விடுதியில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். வார்டன் கலையரசி இவள் வைத்த சாம்பாரை ருசி பார்த்துவிட்டு இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கையில் புண், படை எதுவும் இல்லை என்று டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும், வரும் திங்கள் போய் அடுத்த திங்கட்கிழமைக்குள் வேண்டும். மேரிக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் இருந்தது.

பெரிய பாத்திரத்தில் கஞ்சி வடித்துப் பழகலாம் என்று, பக்கத்து வீட்டு வஹீதாவிடம் அண்டா வாங்கி வந்து சனிக்கிழமை காலையில் உலை வைத்தாள். வடிக்கும்போது அண்டா விளிம்பு இடது மணிக்கட்டின் உள்பக்கம் பட்டுவிட்டது. புளியங்கொட்டை அளவுக் காயம்தான்.

வஹீதா பல் தேய்க்கிற பேஸ்ட்டோடு ஓடி வந்தாள். “மேரிக்கா, கைய குடு. இது தடவுனா குளுகுளுன்னு ஆய்டும்.”

“அய்யோ வேணாண்டி! என் ஒடம்புக்கு பேஸ்ட்டு, மாவு, இங்க்கு எதுவும் ஆவாது. டாக்டரம்மா தண்ணி மட்டும்னு சொல்லிக்கிறாங்க.”

சொன்னபடியே செய்தாள். குழாயடியில் இருபது நிமிஷம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொப்புளத்தை உடைக்கவில்லை. வாசனையில்லாத வாஸ்லின் மெல்லிசாகத் தடவி, ஒட்டாத காஸ் துணியை மேலே வைத்தாள். டாக்டரே பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். ஆனால் காஸ் நிற்க வேண்டுமே. பிளாஸ்திரி ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் சுற்றிலும் சிவந்துவிடும். சும்மா துணியால் கட்டினால் நழுவிப் பாத்திரத்தில் விழுகிறது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அலமாரியில் ஒரு பை நிறைய லைனிங் தோல் துண்டுகள் இருந்தன. கம்பெனியில் கழித்துப் போட்டது. ஆட்டுத் தோல், பால் நிறம், கன்னத்தில் வைத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். அந்தத் தெருவில் எந்த வீட்டில் இல்லை அது? கதவு இடுக்குக்கு அது, கட்டில் காலுக்கு அது, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கவும் அதுதான். வெளிநாட்டுக் குழந்தைகள் காலில் போடுகிற சரக்கு, தன் கைக்கு ஆகாதா என்று நினைத்தாள். நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, ஒட்டி எடுக்கிற வெல்க்ரோ பட்டை வைத்தாள். காஸின் மேல் அப்படியே கச்சிதமாக உட்கார்ந்தது.

“எனக்கும் ஒண்ணு தெச்சிக் குடுக்கா, கடியாரம் மாதிரி கீது!” என்றாள் வஹீதா.

சமைக்கும்போது தோல் நனைந்தது. நனைந்த தோலோடு துவைத்தாள், பாத்திரம் கழுவினாள். செவ்வாய்க்கிழமை நமைச்சல் ஆரம்பித்தது. புதன்கிழமை காயத்தைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி கொப்புளங்கள். காயம் ஆறுகிறபோது நமைக்கும்தானே என்று விட்டாள். வியாழக்கிழமை நீர் வடிந்தது. கட்டு அழுக்காகிவிட்டதுபோல என்று புதிதாக ஒன்று தைத்துப் போட்டாள், இந்த முறை இன்னும் அகலமாக, காற்றுகூடப் புகாதபடி. பாவி, அந்தத் தையலும் கோணவில்லை.

சனிக்கிழமை டாக்டரம்மா கட்டை அவிழ்த்தார். காயத்தைப் பார்க்குமுன் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னம்மா?”

“லைனிங்கு தோலு மேடம். நானே தெச்சது. ரொம்ப சாஃப்ட்டு.”

“தோலைப் பதப்படுத்த குரோம் போடுவாங்க தெரியும்ல? உனக்கு ஆகாதது அதுதான்னு நினைக்கிறேன். ஈரம் பட்டா அது ஊறி வெளிய வரும். நீ அதை வெந்த புண்ணு மேலயே ஒரு வாரம் கட்டி வெச்சிருக்க.”

“இல்ல மேடம், எனக்கு பசதான்…”

“பசைன்னு யார் சொன்னா?”

தெரு சொன்னது என்றா சொல்வாள்?

“வலது உள்ளங்கை ஏன் இன்னும் ஆறல? வீட்டுல இந்தத் தோலைக் கையில பிடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?”

அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும், பாத்திரம் இறக்குகிற தோல் பிடி அவள் கண் முன்னால் வந்தது. ஈரக்கையோடு நாளைக்கு இருபது தடவை பிடிப்பது. நாலு விரலும் உள்ளங்கையும் பதிகிற இடத்தில் கறுத்துப்போனது.

“சர்டிஃபிகேட்டு மேடம்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நீர் வடியற கைக்கு எப்படிம்மா கொடுக்கறது? இருநூறு பொண்ணுங்க சாப்பிடப் போறாங்க. மூணு வாரம் கழிச்சு வா, ஒட்டுச் சோதனையும் செஞ்சிடலாம்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். அழுகையைவிடக் கோபம்தான் ஜாஸ்தி. டாக்டர் மேல் இல்லை, கம்பெனி மேல்கூட இல்லை, அவ்வளவு அழகாகத் தைத்த தன் கை மேல். திங்கட்கிழமை வார்டனுக்கு போன் செய்து மூன்று வாரம் டைம் கேட்டாள். கலையரசி நல்ல மனுஷிதான், வருத்தப்பட்டார். பிள்ளைகளுக்கு நாளைக்குச் சோறு வேண்டுமே என்று சொல்லி வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார்.

ஆணியிலிருந்த பிடி போனது. அலமாரிப் பை போனது. கட்டில் காலில் சுற்றியிருந்ததைக்கூட ஸ்டீபன் முனகிக்கொண்டே கழற்றினார். மூன்றாவது வாரம் மணிக்கட்டில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் மூடியிருந்தது. வலது உள்ளங்கையில் ஒரு வெடிப்பு இல்லை, ஒரு செதில் இல்லை.

வஹீதா அந்தக் கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “அக்கா, எப்டி கீது பாரு! கல்யாணப் பொண்ணு கை மாதிரி.”

மேரியும் பார்த்தாள். ஏழெட்டு வருஷத்தில் தன் கை இப்படி இருந்து அவள் பார்த்ததேயில்லை.

“காட்ட வேண்டிய நாளு போய்டுச்சிடி” என்றாள். கந்தைத் துணியை நாலாக மடித்து, அண்டா இல்லாத அடுப்பிலிருந்து சின்னச் சட்டியை இறக்கி வைத்தாள்.